ஒரு சொடுக்கு எதற்குச் சாட்சி?

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறோம், ஏதோ நடக்கிறது. அழுத்தியதற்கும் நடந்ததற்கும் இடையில் உள்ள வேலையை நிரலாளர்கள் ‘நிகழ்வுக் கையாளல்’ என்பார்கள். ஆய்வாளர்களாகிய நாம் அதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பொத்தான் வேலை செய்யாவிட்டால் இன்னொரு முறை அழுத்துவோம், அவ்வளவுதான். அந்த ‘இன்னொரு முறை’ ஓர் ஆய்வின் தரவுக்குள் எப்படிப் புகுந்துவிடுகிறது என்பதைச் சொல்லவே இந்தப் பதிவு. சற்று நீளமானது. கணினியியல் படிக்காத நண்பர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

முதலில் பின்னணி. புணேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தைச் சுற்றி ஜி.எம்.ஆர்.டி. என்னும் ரேடியோ தொலைநோக்கி பரந்து கிடக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். உதகையில் 530 மீட்டர் நீளமுள்ள தொலைநோக்கியை 1970-இல் எழுப்பிய அதே கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் உருவானது இது. இதன் தரவை உலகெங்குமுள்ள வானியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். புணேயில் அந்தத் தரவோடு மல்லுக்கட்டும் பல மாணவர்களில் நானும் ஒருத்தி.

30 ஆன்டெனாக்களை இரண்டிரண்டாக இணைத்தால் 435 இணைகள் கிடைக்கும். ஒவ்வோர் இணைக்கும் நேரம் ஒரு திசையிலும் அலைவெண் மறு திசையிலுமாக ஒரு படம் வரையலாம். விண்ணிலிருந்து வரும் அலை மிக மெல்லியது. கைப்பேசிக் கோபுரமும் மின்கம்பியும் அந்தப் படத்தில் பளிச்சென்று கோடிழுத்துவிடும். அந்தக் குறுக்கீடுகளைக் களைந்த பிறகுதான் வானத்தின் படத்தை உருவாக்க முடியும். பெரும்பகுதியைத் தானியங்கி மென்பொருள்கள் களைந்துவிடுகின்றன. ஐயத்துக்குரிய எச்சத்தை மனிதக் கண் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் இதற்கென ஒரு சிறிய நிரல் இருந்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கைமாறி வந்தது. யார் எந்த வரியைச் சேர்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. அது ஓர் இணையின் படத்தைக் காட்டும். கெட்ட பகுதியைச் சுட்டியால் இழுத்துக் கட்டமிட்டால் அது தரவிலிருந்து நீங்கும். கட்டத்தின்மேல் வலப்பொத்தானைச் சொடுக்கினால் நீக்கம் ரத்தாகும்; மறுபடி சொடுக்கினால் திரும்ப நீங்கும். அடியில் ‘ஏற்க’, ‘விலக்க’ என்று இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் முடிவு பதிவாகி அடுத்த இணையின் படம் திறக்கும்.

சாங்லிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைய ஆய்வாளர் இந்த நிரலைக் கொண்டு 435 படங்களையும் பார்த்து முடித்தார். மூன்று வாரம் கழித்து, முன்பு எடுத்த முடிவுகளைப் பாராமல், அதே தரவை மீண்டும் ஒருமுறை பார்த்தார். தன் கண்ணையே சோதித்துக்கொள்ளும் நல்ல வழக்கம் அது. இரண்டு சுற்றுகளும் பல இடங்களில் முரண்பட்டன. குறுக்கீடு அப்பட்டமாகத் தெரியும் சில இணைகளைக்கூட அவர் ‘ஏற்க’ என்று குறித்திருந்தார். குழுக் கூட்டத்தில் அது களைப்பு என்று சொல்லப்பட்டது. பிறகு கவனக்குறைவு என்று சொல்லப்பட்டது. இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே என்ற யோசனையும் எழுந்தது. முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கு அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்பதை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள்.

அன்று மாலை அவர் என்னிடம் வந்து ஒரு படத்தைக் காட்டி, “தாயீ, இதை நான் பார்க்கவே இல்லை” என்றார். ‘தாயீ’ என்றால் மராத்தியில் அக்கா. மறந்திருப்பாய் என்று சொல்லித் தேற்றி அனுப்புவது எளிது. ஆனால் அவர் சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. நிரல் ஒவ்வொரு முடிவையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

நாங்கள் திறந்தோம். அடுத்தடுத்த முடிவுகளுக்கு இடையிலான நேரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினோம். பெரும்பாலானவை சில வினாடிகளிலிருந்து அரை நிமிடம் வரை. பட்டியலின் அடியில் மட்டும் வேறொரு கூட்டம் இருந்தது: ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாத இடைவெளிகள். திரையில் ஒன்று தோன்றியதைக் கண்டு விரல் அசைவதற்கே மனிதருக்கு ஏறத்தாழ கால் வினாடி வேண்டும். பார்த்து, எடைபோட்டு, முடிவு செய்வதற்கு இன்னும் அதிகம். அந்த முடிவுகளை எந்தக் கண்ணும் எடுக்கவில்லை. முரண்பட்ட இணைகளில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தில்தான் இருந்தன. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை: அந்தப் படங்களை அவர் பார்க்கவே இல்லை.

பிறகு தொடங்கியது பிழை தேடும் வேலை. அதை வரிசையாகச் சொல்கிறேன். இதே வரிசை உங்களுக்கும் உதவலாம்.

முதல் ஐயம் சுட்டியின் மீது. பழைய சுட்டிகளில் பொத்தானுக்கு அடியில் உள்ள உலோகத் தகடு தேய்ந்து, ஒருமுறை அழுத்தினால் இருமுறை தொடும். இதை நிரலுக்குள் தேடிப் பயனில்லை. லினக்ஸில் ‘எக்ஸ்இவி’ என்றொரு சிறு கட்டளை உண்டு. அது ஒரு வெற்றுச் சாளரத்தைத் திறந்து, அங்கு வந்து சேரும் ஒவ்வொரு நிகழ்வையும் எழுத்தில் காட்டும். பலமுறை சொடுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் ‘அழுத்தல்’, ஒரு ‘விடுவித்தல்’. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுட்டி நிரபராதி.

இரண்டாவதாக, நிகழ்வைக் கையாளும் ஒவ்வொரு செயற்கூறின் தலைவரியிலும் ‘நான் அழைக்கப்பட்டேன்’ என்று ஒரு வரி அச்சிடச் செய்தோம். முதல் படத்தில் வலப்பொத்தானைச் சொடுக்கினால் அந்த வரி ஒருமுறை வந்தது. இரண்டாம் படத்தில் இருமுறை. ஐந்தாம் படத்தில் ஐந்து முறை. படம் வரையும் செயற்கூறுக்குள்ளேயே ‘சொடுக்கு வந்தால் என்னைக் கூப்பிடு’ என்ற பதிவும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பதிவு புதிதாகச் சேர்ந்தது; பழையது நீங்கவில்லை. ரத்து செய்வதும் திரும்ப நீக்குவதும் ஒரே சொடுக்கில் மாறி மாறி நடப்பவை. ஆகவே இரட்டைப்படை எண்ணிக்கையில் அழைப்பு வந்தால் ஒன்றை மற்றொன்று அழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். ‘சில படங்களில் வலப்பொத்தான் ஒட்டிக்கொள்ளும்; படத்தை மறுபடி ஒருமுறை ஏற்றினால் சரியாகும்’ என்று குழுவில் வழிவழியாக ஒரு கைவைத்தியம் இருந்தது. மறுபடி ஏற்றினால் எண்ணிக்கை ஒன்று கூடி ஒற்றைப்படையாகிவிடுகிறது! வைத்தியம் பலித்ததால் நோயை யாரும் தேடவில்லை.

மூன்றாவது பிழைதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. படம் வரைய நிரல் பயன்படுத்தியது மேட்பிளாட்லிப் என்னும் நூலகம். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைக் காண்பதற்காக, ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கி 2003-இல் வெளியிட்டது. இன்று அறிவியல் துறைகளில் அதைத் தொடாதவர் அரிது. அதன் சாளரத்தில் பெரிதாக்கிப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடிக் குறி உண்டு. அதை அழுத்திவிட்டு ஒரு பகுதியைச் சுட்டியால் இழுத்தால் அந்தப் பகுதி பெரிதாகும். ஆனால் பூதக்கண்ணாடி இயங்கும்போதும் சுட்டி நிகழ்வுகள் நம் நிரலுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ‘இப்போது பெரிதாக்கும் நிலையில் இருக்கிறோமா?’ என்று நாம்தான் கேட்டறிந்து ஒதுங்க வேண்டும். எங்கள் நிரல் கேட்கவில்லை. ஆகவே உற்றுப் பார்ப்பதற்காக ஒருவர் இழுத்த கட்டம், நீக்குவதற்கான கட்டமாகவும் பதிவானது. கண்ணில் படவேண்டாமா என்றால், பெரிதாக்கிய காட்சியின் விளிம்பும் அந்தக் கட்டத்தின் விளிம்பும் ஒன்றே. சட்டத்தின் மீது கோடு அமர்ந்திருந்தால் யாருக்குத் தெரியும்? எந்த இடத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தாரோ, அந்த இடமே தரவிலிருந்து போயிற்று. கவனம் குறைந்ததால் அல்ல, கவனம் மிகுந்ததால் நேர்ந்த இழப்பு அது.

இவை இரண்டும் கட்டங்களைக் கெடுத்தன. கண்படாத முடிவுகளுக்குக் காரணம் நான்காவது பிழை. அதைப் புரிந்துகொள்ள ஒரு கிராம அஞ்சலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எழுத்தர். ஒரே ஒரு சாளரம். வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்; அவர் ஒருவரை முடித்த பிறகே அடுத்தவரைப் பார்ப்பார். பேரேட்டை எடுக்க அவர் உள்ளே போனால் வரிசை நீளும். யாரும் வீடு திரும்புவதில்லை. சாளரங்களும் பொத்தான்களும் கொண்ட நிரல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. சொடுக்கு, விசைத்தட்டல், திரையை மறுபடி வரையும் கோரிக்கை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எங்கள் நிரலில் ‘ஏற்க’ பொத்தானை அழுத்தியதும் அதே எழுத்தர்தான் அடுத்த இணையின் தரவை வட்டிலிருந்து படித்தெடுக்கப் போக வேண்டும். சில இணைகளுக்கு அது மூன்று நான்கு வினாடி ஆகும். அதுவரை திரை அசையாது. அழுத்தியது பதியவில்லை போலும் என்று எண்ணி மனிதர் மறுபடி அழுத்துவார். சில வேளை மும்முறை.

அந்தச் சொடுக்குகள் தொலைந்து போவதில்லை, வரிசையில் காத்திருக்கின்றன. புதிய படம் வந்த கணமே இரண்டாவது சொடுக்கு உள்ளே நுழைந்து, கண் இமைக்கும் முன் அதை ‘ஏற்க’ என்று முடித்துவைக்கிறது. மூன்றாவது சொடுக்கு அதற்கடுத்த படத்தை முடிக்கிறது. சொடுக்கு எந்தப் படத்தையும் குறிப்பதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். அது திரையில் ஓர் இடத்தை மட்டுமே குறிக்கிறது. அந்த இடத்துக்கு உரிய பொருள் மாறிப்போனாலும் அது பழைய நம்பிக்கையோடு வந்து சேர்கிறது.

இதை முன்பே யாரோ கவனித்திருக்கிறார் என்பதும் நிரலில் தெரிந்தது. பொத்தானைக் கையாளும் செயற்கூறின் தொடக்கத்தில் பொத்தானை முடக்கி, இறுதியில் மீண்டும் இயக்கும்படி இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. பார்ப்பதற்குச் சரியான தீர்வு, நடைமுறையில் பயனற்றது. எழுத்தர் உள்ளே போகும்போது ‘மூடப்பட்டது’ என்று பலகை மாட்டுகிறார். திரும்பி வந்து பலகையை எடுத்துவிட்டு முதல் ஆளை அழைக்கிறார். பலகை தொங்கிய நேரத்தில் வரிசையை யாரும் பார்க்கவே இல்லை. நின்றவர்கள் நின்றபடியே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பொத்தான் ‘டிகே’ நூலகத்தைச் சேர்ந்தது. பொத்தானுக்கென உள்ள முறைப்படி செயலை இணைக்காமல், சுட்டியின் அழுத்தல் நிகழ்வோடு நேரடியாகக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டினால், முடக்கப்பட்டுச் சாம்பல் நிறத்தில் கிடக்கும் பொத்தானும் வேலை செய்யும்.

தரவு படிக்கும்போது இடையிடையே ‘வரிசையில் நிற்பதை இப்போதே பார்த்துவிடு’ என்று ஆணையிடுவது இன்னொரு குறுக்குவழி. அது மேலும் ஆபத்தானது. முதல் சொடுக்கின் வேலை பாதியில் இருக்கும்போதே இரண்டாவது சொடுக்கின் வேலை அதற்குள் தொடங்கிவிடும். எந்தப் படத்துக்கு எந்த முடிவு என்பது முற்றிலும் குழம்பிவிடும்.

நாங்கள் செய்தது இதுதான். தரவு படிக்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றினோம்; திரையைத் தொடும் வேலை மட்டும் முதன்மை இழையிலேயே நின்றது. எழுத்தர் இப்போது சாளரத்தை விட்டு நகர்வதில்லை. பொத்தான் முடங்கிய நேரத்தில் வரும் சொடுக்குகளை அவர் அப்போதே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார். பொத்தானின் செயலை அதற்குரிய முறையில் இணைத்தோம். படம் முழுமையாகத் திரைக்கு வந்து அரை வினாடி கழியும்வரை பொத்தான் உயிர்பெறாதபடி செய்தோம். காத்திருக்கும் நேரத்தில் ‘தரவு வருகிறது’ என்று ஒரு வரி தெரியச் செய்தோம். நேர்மையாகச் சொன்னால், அந்த ஒரு வரியே பாதி நோயைத் தீர்த்தது. திரை பேசாமல் இருந்ததால்தானே மனிதர் மறுபடி அழுத்தினார்!

இந்த வேலையில் ஈடுபட்டபோது பொத்தான் என்பதன் வரலாற்றையும் கொஞ்சம் படித்தேன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியை அவையோர் முன் இயக்கிக் காட்டினார். அதன்பின் வந்த வடிவமைப்பாளர்கள் நிலைபெறச் செய்த ஒரு வழக்கம் நமக்கு இன்று மூச்சுப்போல் இயல்பாகிவிட்டது: பொத்தான் அழுத்தும்போது செயல்படுவதில்லை, விடும்போதுதான் செயல்படுகிறது. அழுத்திய பிறகு மனம் மாறினால், விரலை எடுக்காமல் சுட்டியை வெளியே நகர்த்தி விட்டுவிடலாம், ஒன்றும் நடக்காது. முடிவுக்கும் செயலுக்கும் இடையில் திரும்பிப் போக ஒரு வாசல். அழுத்தல் நிகழ்வோடு செயலைக் கட்டும் நிரல் அந்த வாசலையும் அடைத்துவிடுகிறது.

ரேடியோ வானியலில் பல பத்தாண்டுகளாகப் பழகிய ‘எய்ப்ஸ்’ மென்பொருளில் இன்னொரு வகை எச்சரிக்கை இருந்தது. அதன் படச் சாளரத்தில் சுட்டி இடத்தை மட்டுமே காட்டும். முடிவைத் தெரிவிக்க விசைப்பலகையில் ஏ, பி, சி, டி என்ற விசைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். பழைய காட்சிக் கருவிகளின் பொத்தான்களை நினைவில் வைத்து ஏற்பட்ட முறை அது. இளையோர் அதைக் கேலி செய்வதுண்டு. ஆனால் சுட்டுவது வேறு, தீர்மானிப்பது வேறு என்ற பிரிவு அதில் தெளிவாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கப் போய்த் தரவை நீக்கிவிடும் விபத்துக்கு அங்கு இடம் குறைவு.

திருத்திய நிரலில் அந்த இளைய ஆய்வாளர் மீண்டும் இரண்டு சுற்றுப் பார்த்தார். கால் வினாடிக்குக் குறைந்த முடிவு ஒன்றுகூட இல்லை. முரண்பாடுகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் மறையவில்லை. எஞ்சியவை குறுக்கீடா இல்லையா என்று யாருமே உறுதியாகச் சொல்ல முடியாத இணைகள். அது நல்ல முரண்பாடு. மனிதக் கண்ணின் எல்லை எது என்று அதுதான் நமக்குச் சொல்கிறது. முன்பு நிரலின் பிழை அதை மூடி மறைத்திருந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் நேர இடைவெளிகளின் பட்டியலை அவரே திரையிட்டு விளக்கினார். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் யாரும் முன்வரவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

நம் ஆய்வுக் கட்டுரைகளில் தொலைநோக்கியின் பெயர், அலைவெண், மென்பொருளின் பதிப்பு எண் எல்லாம் எழுதுகிறோம். மனிதர் பார்த்துத் தீர்மானித்த பகுதிக்கு ‘கண்ணால் சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதுமென்று விட்டுவிடுகிறோம். அந்த வரிக்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று சொடுக்குகளின் பதிவு. சொடுக்கு பதிவானது என்பதால் கண் பார்த்தது என்று ஆகிவிடாது. வானியலுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல இது. மருத்துவப் படங்களில் கட்டியைக் குறிப்பவர்கள், ஓலைச்சுவடிப் படங்களில் எழுத்தை அடையாளமிடுபவர்கள், மொழித்தரவில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று குறியிடும் மாணவர்கள் அனைவரும் இப்படியொரு சிறு நிரலின் முன்தான் அமர்ந்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளை உண்மையென்று நம்பியே அடுத்த ஆய்வு எழுகிறது. குறிப்பு முரண்பட்டால் முதலில் ஐயத்துக்கு ஆளாகிறவர், அந்த வரிசையில் மிகவும் இளையவர்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் நெறியாளர்களுக்கும் சில வேண்டுகோள்கள். முடிவு எடுத்த நேரத்தோடு, படம் திரையில் தோன்றிய நேரத்தையும் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் கண் பார்த்ததற்குச் சான்று. பொத்தான் ‘சில நேரம் ஒட்டிக்கொள்ளும்’ என்று யாராவது சொன்னால், கைவைத்தியத்தைக் கற்றுக்கொள்ளாமல் காரணத்தைத் தேடுங்கள். புதிய கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும் முன், வேண்டுமென்றே பொறுமையிழந்து பத்துமுறை சொடுக்கிப் பாருங்கள். பதிவேட்டில் எத்தனை வரி விழுகிறது என்று எண்ணுங்கள். இது அரை மணி நேர வேலைகூட இல்லை.

உங்களிடம் ஏற்கெனவே முடிந்துபோன குறிப்புத் தரவு இருந்தால், அதில் நேரப் பதிவும் இருந்தால், இன்றே இடைவெளிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். பட்டியலின் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் நிம்மதியாகத் தொடருங்கள். இருந்தால், அதை எடுத்துக்கொண்டு முதலில் நிரலிடம் போங்கள். மாணவரிடம் பிறகு போகலாம்.